வார்டர் அரிசி

ஓய்வு பெற்றவனை நிம்மதியாக இருக்க விடக்கூடாது என்று எங்கேயோ ஒரு சட்டம் எழுதி வைத்திருக்கிறார்கள் போல. போன மாதம் என்னை ஒரு கருத்தரங்குக்கு இழுத்துப் போனார்கள். சிறைகளில் டிஜிட்டல் தொழில்நுட்பம், அதன் நன்மைகள், ஆபத்துகள் என்பது தலைப்பு. சாப்பாடு உண்டு என்றதால் போனேன். ஓர் இளம் அதிகாரி திரையில் படம் படமாகக் காட்டினார். கைதிகள் இனிமேல் கணினியில் பாடம் படிப்பார்களாம், வீட்டாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவார்களாம். கள்ளத்தனமாக உள்ளே வரும் கைப்பேசிதான் பெரிய ஆபத்தாம். அதற்குமேல் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது, தூங்கிவிட்டேன். (ஏர்கோனை அந்த அளவுக்குக் குளிர வைத்தால் மனுசன் என்னதான் செய்வான்?)

எழுப்பி, மைக்கைக் கையில் திணித்தார்கள். "ஐயா, உங்க சர்வீஸ்ல இந்த மாதிரி அனுபவம் ஏதாவது உண்டுங்களா?"

"உண்டு. நன்மை, ஆபத்து ரெண்டும் ஒரே திங்கட்கிழமை காலையில ஒண்ணா வந்துச்சு. கொஞ்ச நேரம் கத்துச்சு. என் இன்கிரிமெண்டு போச்சு."

சிரித்தார்கள். சிரிக்கட்டும். இந்தக் கதைக்கு ஊரே சிரித்து முடித்து, இப்போது பேரப்பிள்ளைகள் சிரிக்கும் முறை. எனக்குத்தான் அலுத்துவிட்டது. அலுத்தாலும் சொல்கிறேன், மற்றவர்கள் சொன்னால் இன்னும் மோசமாகச் சொல்வார்கள்.

எண்பத்து நாலில் நான் வார்டராகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எந்தச் சிறை என்று கேட்காதீர்கள், பென்ஷன் வாங்குகிறேன். எங்கள் வீடு கோல சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் ஒன்று. அரசாங்க உடுப்பு போட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் மூன்று மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கிள்ளானில் ஒரு டிஜிட்டல் வாட்சு வாங்கினேன். முள் கிடையாது, எண்தான் ஓடும். பொத்தானை அமுக்கினால் விளக்கு எரியும், சொன்ன நேரத்துக்குக் கத்தும். ஜெராமில் மீன் வாங்கப் போனால்கூடச் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுத்தான் மீனை அழுத்திப் பார்ப்பேன். "தம்பி, மணி என்னா?" என்று யாராவது கேட்கமாட்டார்களா என்று சந்தையை இரண்டு சுற்று சுற்றுவேன். அது போதாதென்று நகைக்கடைக்காரர் ஒருவரிடம் கொடுத்து, வாட்சின் முதுகில் ஆங்கிலத்தில் என் பெயரையும் பக்கத்தில் 'வார்டர்' என்றும் செதுக்கி வாங்கினேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அந்தச் சிறையில்தான் பச்சையப்பன் மாமா இருந்தார். சொந்த மாமா இல்லை, எங்கள் லயத்தில் அடுத்த வீடு. அவருடைய நாயைத் தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் காலால் உதைத்தார். மாமா மண்டோரின் வாயில் குத்தினார். பல் போனது, மாமா உள்ளே வந்தார். நல்ல மனுசன், கை மட்டும் கொஞ்சம் முந்திக்கொள்ளும். சிறையில் அவரைச் சமையலறையில் போட்டிருந்தார்கள். மற்றவர்கள் முன்னால் நான் அவரை எண் சொல்லி அதட்ட வேண்டும். "டேய், வேகமா நட!" என்று கத்திவிட்டு, பக்கத்தில் போனதும், "மன்னிச்சுக்குங்க மாமா" என்பேன். "பரவால்ல லா, இன்னும் சத்தமா திட்டு. அப்பத்தான் நம்புவானுங்க" என்பார்.

அவர் உள்ளே இருக்கும்போதே மகள் தேவகிக்குக் கல்யாணம் முடிவானது. தள்ளிப்போட மாப்பிள்ளை வீட்டார் சம்மதிக்கவில்லை. ஒரு நாள் வெளியே விடச்சொல்லி மாமா மனுப் போட்டார். முடியாது என்று பதில் வந்தது. அன்றைக்குச் சோற்றுக் கொப்பரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அத்தனை பெரிய மனுசன் தோளில் கிடந்த துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்.

"சேகரு, நான் வரலைன்னாலும் போவுது. தாலி ஏறுற அந்த நேரம் மட்டும் எனக்குத் தெரியணும். அப்ப நான் எழுந்து நின்னு அரிசி போட்டு எம்பிள்ளைய வாழ்த்திடுவேன். ராகு காலத்துல, எம கண்டத்துல கண்ட நேரத்துல கையத் தூக்கக்கூடாது பாரு. ஒத்தப் பிள்ளடா."

அரிசி சமையலறையில் இருந்தது, மஞ்சள்தூள் இருந்தது. நேரம்தான் இல்லை. சிறையில் கைதிக்கு மணி தெரியாது. மணி அடித்தால் எழுவான், மணி அடித்தால் படுப்பான். நானே பக்கத்தில் இருந்து சொல்லலாம் என்றால், கல்யாணத்துக்கு நான் லீவு எடுத்திருந்தேன். மாப்பிள்ளைத் தோழன் வேறு. (மாப்பிள்ளைக்கு என்னைப் பிடிக்கும் என்று நினைக்காதீர்கள். வாட்சு கட்டிய தோழன் வேண்டும் என்று கேட்டிருந்தார்.)

இந்த இடத்தில்தான் எனக்கு அறிவு வேலை செய்தது. அதற்குப் பிறகு பல வருடம் அது வேலை செய்யவில்லை.

அந்த வாரம் வீட்டுக்குப் போனபோது அம்மாவிடம் கேட்டேன். "தாலி எத்தனை மணிக்கும்மா?"

"ஒம்பதே காலுக்கு. ஐயரு அடிச்சுச் சொல்லிட்டாரு, ஒரு நிமிசம் முன்ன பின்ன போவாதாம்."

வாட்சில் ஒன்பதேகாலுக்கு அலாரம் வைத்தேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, சமையலறையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் மாமாவிடம் கொடுத்தேன். இப்போது நினைத்தாலும் வியர்க்கிறது. பிடிபட்டால் என் உடுப்பு கழன்றுவிடும், அவருக்கு நன்னடத்தைக்குக் கிடைக்கும் தண்டனைக் கழிவு போய்விடும். ஆனால் அன்றைக்கு எனக்குப் பயமே இல்லை. பெரிய தியாகி போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

"மாமா, நாளைக்கு இது கத்தும். கத்திச்சுன்னா அங்க தாலி ஏறுதுன்னு அர்த்தம். அந்த நேரத்துல நீங்க சமையக்கட்டுல தனியாத்தான் இருப்பீங்க. கொப்பரை கொதிக்கிற சத்தத்துல யாருக்கும் கேக்காது."

"நிறுத்தறது எப்படிடா?"

"தானா நின்னுடும் மாமா."

அவர் வாட்சை இரண்டு கையிலும் ஏந்திக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு சட்டைக்குள் கையை விட்டு, தாயத்துக் கட்டுவது போலப் புஜத்தில் கட்டிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை. நான் பட்டு வேட்டியைப் பையில் வைத்து, குவார்ட்டர்ஸிலிருந்து பேருந்துக்குக் கிளம்பும் நேரம், எங்கள் சார்ஜன் கதவைத் தட்டினார். தமிழர்தான், ஆனால் அந்த முகத்தில் தமிழோ வேறெதுவோ எதுவும் தெரியாது.

"லீவு கென்சல். தலைமையகத்திலேர்ந்து பெரிய துவான் திடீர்னு வராரு. எல்லாக் கைதியும் திடல்ல உட்காரணும். உடுப்ப மாட்டு."

"எல்லாக் கைதியுமா சார்? சமையக்கட்டு ஆளுங்களுமா?"

"எல்லான்னா எல்லாந்தான். காது செவிடா?"

எனக்குக் காது அடைத்துத்தான் போயிருந்தது. உடுப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். திடலில் வரிசை வரிசையாகக் கைதிகள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு முன்னால் மடித்த போர்வை, அதன்மேல் தகரத் தட்டு, குவளை. பச்சையப்பன் மாமா முன்வரிசையில், குளித்து, தலையைப் படிய வாரி, கல்யாண வீட்டுப் பெரியவர் போலவே உட்கார்ந்திருந்தார். வலது கை மூடியிருந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

வரிசை ஓரத்தில் என்னை நிற்க வைத்தார்கள். பேசக்கூடாது, நகரக்கூடாது. எப்படியாவது மாமாவுக்குச் சொல்லியாக வேண்டும், அதைக் கழற்றிப் போர்வைக்குள் அமுக்கி வையுங்கள் என்று. கண்ணைக் காட்டினேன். அவர் புன்னகைத்தார். என் புஜத்தைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினேன். அவரும் தன் புஜத்தைத் தட்டிக் காட்டி, 'பத்திரமா இருக்கு' என்பது போலத் தலையை ஆட்டினார். நான் இரண்டு கையாலும் புஜத்தைப் பிய்த்துக்கொண்டேன். சார்ஜன் வந்து காதருகில் சொன்னார்:

"சொறி இருந்தா டாக்டர்கிட்ட காட்டு. துவான் முன்னால சொறியாத."

பெரிய துவான் என்ற அந்த மேலதிகாரி வந்தார். மலாய்க்காரர், வயதானவர், நரைத்த மீசை. கூடவே எங்கள் சிறைத் தலைவர். இருவரும் முதல் வரிசையில் ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டு மெதுவாக நடந்தார்கள். திடலில் அவர்களுடைய சப்பாத்துச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. சரியாக மாமாவுக்கு முன்னால் வந்து, "தட்டு நன்றாகத்தான் இருக்கிறது" என்று குனிந்தார் பாருங்கள், அப்போது அது கத்தியது.

பீப் பீப். பீப் பீப்.

கடையில் வாங்கும்போது அதன் சத்தம் போதவில்லை என்று நான் குறைப்பட்டிருக்கிறேன். அன்றைக்குப் போதுமானதாக இருந்தது. வார்டர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சார்ஜன் தன் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். நான் முருகனைக் கூப்பிட்டேன், மாரியம்மனைக் கூப்பிட்டேன், கடைசியில் வாட்சுக் கடை முதலாளியின் அம்மாவையும் கூப்பிட்டேன்.

பச்சையப்பன் மாமா எழுந்து நின்றார். அவருக்கு முன்னால் துவான் இல்லை, சிறை இல்லை, ஒன்றும் இல்லை. கண்ணிலிருந்து தாரையாகக் கண்ணீர். வலது கையை உயர்த்தி, "நல்லா இரு தாயீ! நூறு வருசம் நல்லா இரு!" என்று சொல்லி, ஒரு பிடி மஞ்சள் அரிசியை வீசினார்.

எதிரே இருந்தவர்கள் இருவர். பெரிய துவானும் சிறைத் தலைவரும் ஜோடியாக நின்றிருந்தார்கள். அரிசி அவர்கள் தொப்பியில் விழுந்தது, தோளில் விழுந்தது, துவானின் மீசையில் இரண்டு ஒட்டிக்கொண்டன. பக்கத்தில் நின்ற என்மேலும் கொஞ்சம் விழுந்தது.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பிழைத்திருப்பேன். மஞ்சள் அரிசி பறப்பதைப் பார்த்தால் நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்குமா? பின்வரிசையிலிருந்து எவனோ ஒருவன், "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று கத்தினான். அவ்வளவுதான். முன்னால் தகரத் தட்டு தயாராக இருந்தது. அத்தனை பேரும் தட்டில் கொட்டினார்கள். ஒருவன் வாயாலேயே நாதஸ்வரம் ஊதினான். விவரம் புரியாத சீனக் கைதிகளும் மலாய்க் கைதிகளும், ஏதோ விழா என்று சேர்ந்து தட்டினார்கள். வாட்சு எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியாது.

சார்ஜன் விசில் ஊதி ஊதி முகம் சிவந்து, ஒருவழியாகத் திடல் அமைதியானது. பெரிய துவான் அசையவில்லை. மீசையிலிருந்து ஓர் அரிசியை எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். மலாய்க்காரர் கல்யாணத்திலும் மஞ்சள் அரிசி தூவுவார்கள், அது அவருக்கும் தெரிந்த அரிசிதான். மாமாவைப் பார்த்து, "சியாப்பா காவின்?" என்றார். யாருக்குக் கல்யாணம் என்று கேட்கிறார்.

"அனாக் சாயா, துவான்" என்றார் மாமா. என் மகளுக்கு.

துவான் தொப்பியைக் கழற்றி, அதிலிருந்த அரிசியை அவரே தட்டிவிட்டு, திரும்ப மாட்டிக்கொண்டார். "செலாமாட்" என்று வாழ்த்தாக ஒரே ஒரு வார்த்தை சொன்னார். எனக்கு உயிர் வந்தது. அடுத்த நிமிடம் கையை நீட்டி வாட்சைக் கேட்டு வாங்கினார். திருப்பி அதன் முதுகைப் பார்த்தார். எழுத்துக் கூட்டி என் பெயரைப் படித்தார். 'வார்டர்' என்பதையும் விடாமல் படித்தார். வந்த உயிர் போய்விட்டது.

விசாரணையில் மாமா என்னைக் காப்பாற்றப் பார்த்தார். வாட்சைக் கீழே கண்டெடுத்தேன் என்று சாதித்தார். சிறைத் தலைவர் என்னைப் பார்த்தார். நான் வாட்சைப் பார்த்தேன், என் பெயர்தான் மேசைமேல் கிடந்ததே. எனக்கு இன்கிரிமெண்டு நின்றது, ஆறு மாதம் மதில் கோபுரத்தில் வெயிலும் மழையும் கிடைத்தது. மாமாவின் தண்டனைக் கழிவில் கை வைக்க வேண்டாம் என்று பெரிய துவானே சொல்லிவிட்டாராம். சமையலறை வேலை மட்டும் போய், சாக்கடை கழுவும் வேலை வந்தது. வாட்சு திரும்பி வரவில்லை.

கல்யாணத்தன்றைக்குச் சாயங்காலம் செத்த பிணமாக வீட்டுக்குப் போனேன். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மாமாவின் மனைவி லட்சுமி அத்தை ஓடி வந்தார். எனக்கு என்ன ஆனது என்று கேட்கவில்லை. "அவரு வாழ்த்தினாராய்யா? சரியா அந்த நேரத்துல வாழ்த்தினாரா?" என்றுதான் கேட்டார்.

"வாழ்த்தினாரு அத்தே. ஒம்பதே கால்னா ஒம்பதே கால். என் வாட்சு பொய் சொல்லாது."

அத்தை முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கும் மனம் குளிர்ந்தது. போகிற இன்கிரிமெண்டு போகட்டும், ஒரு தகப்பன் ஆசை நிறைவேறியதே என்று பெருமூச்சு விட்டேன். அந்த நேரம் பார்த்து வானொலியில் ஏழு மணிச் செய்தி ஆரம்பித்தது. நான் யதார்த்தமாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறரை காட்டியது.

"அம்மா, கடிகாரம் நின்னுபோச்சா?"

"நல்லாத்தான் ஓடுது. அது பழைய நேரம்."

சிறுசுகளுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். எண்பத்திரண்டு பிறந்தபோது இந்த நாட்டில் கடிகாரங்களை அரை மணி முன்னால் தள்ளி வைக்கச் சொன்னார்கள். வேலைக்கும் பள்ளிக்கும் எல்லாரும் புது நேரத்துக்கு மாறினோம். ஆனால் எங்கள் லயத்துப் பெண்கள், நல்லது கெட்டது பார்க்கும் சுவர்க் கடிகாரத்தை மட்டும் தொடவில்லை. உள்ளே புது நேரத்தில் மணியடித்துக் கொண்டிருந்த எனக்கு இது சுத்தமாக மறந்தே போயிருந்தது.

"அப்ப நீ சொன்ன ஒம்பதே காலு..."

"பழைய நேரந்தான். பின்ன என்னா? முகூர்த்தத்துக்கு யாராவது புது நேரம் பாப்பாங்களா? கவர்மெண்டு கடிகாரத்தத் தள்ளலாம், ராகுவத் தள்ள முடியுமா?"

நான் விரலை மடக்கிக் கணக்குப் போட்டேன். வேண்டாம் வேண்டாம் என்று மனம் சொன்னாலும் விரல் மடங்கியது. மாமா கையைத் தூக்கியபோது இங்கே மாப்பிள்ளை காப்பி குடித்துக்கொண்டிருந்தார். தாலி ஏற இன்னும் அரை மணி இருந்தது. பழைய நேரத்தில் எட்டே முக்கால், திங்கட்கிழமை வேறு. அது சுத்தமான ராகு காலம்.

அத்தை என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுகை நின்றுவிட்டது. அம்மா என் தலையில் ஓங்கி ஒன்று வைத்தார். "மணி பாக்கத் தெரியாதவனுக்கு எதுக்குடா வாட்சு!" என்றார். வைத்த அடியைவிட அதுதான் வலித்தது.

மாமாவுக்கு இது தெரியக்கூடாது என்று அங்கேயே, அப்போதே முடிவானது. ஆள் உடைந்து போவார். தேவகிக்குக் காய்ச்சல் வந்தாலும் தன் கைதான் காரணம் என்று சாகும்வரை புலம்புவார். மாதங்கள் கழித்து அவர் விடுதலையாகி வரும் நாளுக்கு முன்னால், லட்சுமி அத்தை ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு எங்கள் லயத்தில் வீடு வீடாக ஏறினார். பழைய நேரத்தைப் பார்த்தால் மாமா கணக்குப் போட்டுவிடுவார் என்று எல்லாச் சுவர்க் கடிகாரமும் அரை மணி முன்னால் போனது. கவர்மெண்டு சொல்லி நடக்காத காரியம் அத்தை சொல்லி நடந்தது.

மாமா வந்தார். ஆரத்தி எடுத்தார்கள். உள்ளே நுழைந்ததும் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சேகரு, சரியா தாலி ஏறும்போதுதான போட்டேன்?"

"சரியா அதே நேரந்தான் மாமா."

"சரி சரி" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். லயமே மூச்சு விட்டது.

இருபது வருடம் கழித்துத் தேவகியின் மகளுக்குக் கல்யாணம். மாமாவுக்கு நடை தளர்ந்து, முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தோம். தாலிக்கு இன்னும் நேரம் இருந்தது. மாப்பிள்ளை காப்பி குடித்துக்கொண்டிருந்தார். மாமா என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். "என்னப் புடிச்சித் தூக்கு" என்றார். எழுந்து நின்று, அரிசித் தட்டிலிருந்து ஒரு பிடி எடுத்து, யாருமில்லாத மணவறையைப் பார்த்து வீசினார். "நல்லா இரு தாயீ!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. "மாமா, இன்னும் அரை மணி இருக்கு மாமா!" என்று பதறினேன்.

"தெரியும்டா. அவ அம்மாவுக்கும் அரை மணி முன்னாலதான போட்டேன்."

"உங்களுக்கு... எப்பத் தெரியும் மாமா?"

"அப்பவே தெரியும். சாக்கடை கழுவும்போது யோசிச்சுப் பார்த்தேன். எம்பொண்டாட்டி என்னிக்குடா புது நேரம் சொன்னா? அழலாம்னு பார்த்தேன், கையில தொடப்பம் இருந்துச்சு. அப்புறம் வீட்டுக்கு வந்தா, கடிகாரத்தையெல்லாம் தள்ளி வச்சிருக்கீங்க. எனக்காகவா இவ்வளவு வேலைன்னு பேசாம இருந்துட்டேன்." நாற்காலியில் சாய்ந்து மூச்சு வாங்கினார். மேடைக்குப் பக்கத்தில் பட்டுச்சேலையில் ஓடிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார். "ராகு காலத்துல போட்ட அரிசிதான். இவளுக்கு என்னாடா கொறை?"

மாமா போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. எங்கள் இரண்டு வீட்டிலும் எந்தக் கல்யாணம் என்றாலும் இன்றைக்கும் அரை மணி முன்னால், ஆளில்லாத மணவறைக்கு ஒரு பிடி அரிசி விழுந்தாக வேண்டும். அதற்கு 'வார்டர் அரிசி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், கழுதைகள். போடுவது நான்தான். முழங்கால் வலிக்கிறது, வேறு யாரையாவது போடச் சொல்லுங்கள் என்றால் ஒருவரும் கேட்பதில்லை. தேவகியே வந்து கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறாள். "எழுந்திரிங்க, நேரமாச்சு" என்கிறாள். நான் அவளிடம் மணி கேட்பதில்லை. எழுந்து போட்டுவிடுகிறேன்.